கலாம் கொடிகாமத்தில் பிறந்திருந்தால்?

கொடிகாமம் சந்தியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இருக்க முடியாது. கண்டி வீதியில் சாவகச்சேரிக்கும் பளைக்கும் இடையில் இருக்கிறது. தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் பேர்போன சந்தை. கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்து பருத்தித்துறைக்குப் போக விரும்புபவர் இவ்விடத்தில் இறங்கி, வடக்கே திரும்பும் பஸ்ஸில் மாறி ஏறிக்கொள்வார். அப்படி மாறி ஏறுகிறவரைப் பார்த்து, "நீர் தொடக்கத்திலேயே பருத்தித்துறை பஸ்ஸில் ஏறவில்லை, ஆகையால் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து புதிதாகப் புறப்பட்டு வாரும்" என்று எந்த நடத்துனரும் சொல்வதில்லை. சொன்னால் சந்தை முழுவதும் கூடிநின்று சிரிக்கும்.

எங்கள் உயர்கல்வி அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிரிப்பதற்குத்தான் ஆளில்லை.

இதை எழுதத் தூண்டியவர் இந்தச் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்யும் ஒரு தகப்பன். பெயர் வேண்டாம். அவருடைய மகன் க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றி, பொறியியற் பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டவன். இசட் புள்ளி நான்காம் தசமதானம் வரை கணிக்கப்படுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தசமதானங்கள்தாம் இவனைப் பௌதிகவியலுக்கு அனுப்பின. (தமிழகத்து நண்பர்கள் இயற்பியல் என்று வாசித்துக்கொள்ளவும்.) போனவன் அழுதுகொண்டிருக்கவில்லை. நான்காண்டுச் சிறப்புப் பட்டம் படித்தான். நல்ல வகுப்பில் தேறினான். இலத்திரனியலும் குறைகடத்தியும் அவனுக்குப் பிடித்துப்போயின. பொறியியலில் மேற்படிப்புப் படிக்க விண்ணப்பித்தான். பட்டப்பின் படிப்பு அலுவலகம் ஒன்றிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: அடிப்படைப் பட்டம் பொறியியலில் இல்லாமையால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

தகப்பன் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "ஐயா, நாலு வருசம் கம்பசிலை படிச்சவன். இப்ப திரும்ப முதலாம் வருசத்திலை இருந்து தொடங்க வேணுமாம். அதுக்கும் இனி இடமில்லையாம். உது ஞாயமோ?"

நான்கு பதின்மங்கள் செய்தித்தாள்களில் வேலை பார்த்தவனுக்கு எந்தக் கேள்விக்கும் ஏதாவதொரு மறுமொழி வாயில் வந்துவிடும். அன்று வரவில்லை. அது ஞாயமில்லை என்பதுதான் மறுமொழி. ஏன் ஞாயமில்லை என்பதைச் சொல்லவே இத்தனை நீளம் எழுதுகிறேன்.

* * *

முதலில் ஓர் இராமேஸ்வரத்துப் பையனின் கதை. வாசகர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆனால் அதன் நடுப்பகுதியை நாம் கவனிப்பதேயில்லை.

அப்துல் கலாம் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று 1954இல் வெளியேறினார். பட்டம் பெற்ற பின்னர்தான் தாம் படித்திருக்க வேண்டியது பொறியியல் என்று உணர்ந்ததாகத் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அதாவது எங்கள் கொடிகாமத்துப் பையன் நிற்கின்ற அதே இடத்தில், அதே வயதில், அவரும் நின்றார். அவருக்கு ஒரு கதவு திறந்திருந்தது. குரோம்பேட்டையில் சி. ராஜம் என்ற தொழிலதிபர் 1949இல் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்ப நிலையம், விஞ்ஞானப் பட்டதாரிகளையே சேர்த்து மூன்றாண்டுகளில் பொறியியலாளராக்கியது. விமானப் பொறியியல், மோட்டார் வாகனம், இலத்திரனியல், கருவியியல் என்று அக்காலத்தில் இந்தியாவுக்குப் புதியனவாக இருந்த துறைகளையே அது எடுத்துக்கொண்டது. கலாம் 1955இல் அங்கே சேர்ந்தார். சேர்க்கைப் பணத்துக்காக அவருடைய சகோதரி தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பிறகு நடந்ததை உலகம் அறியும்: 1980இல் ரோகிணியைச் சுற்றுவட்டத்தில் சேர்த்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்துக்கு அவரே இயக்குனர்.

இது ஒரு தனி மனிதரின் அதிர்ஷ்டம் என்று யாரும் தள்ளிவிடக்கூடாது. அதே புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, அதே குரோம்பேட்டையில் இலத்திரனியல் படித்த இன்னொருவரின் பெயர் ரங்கராஜன். சுஜாதா என்றால் தெரியும். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு கல்லூரியின் ஒரே காலத்து மாணவர் இருவர், ஒரே கதவின் வழியாகப் போய், ஒருவர் ஏவுகலமும் மற்றவர் வாக்குப்பெட்டியும் செய்தார்கள் என்றால், மெச்ச வேண்டியது அந்த இருவரை மட்டுமல்ல. அந்தக் கதவையும்தான்.

கலாம் 2012 சனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மாணவரிடையே பேசினார். மாலை போட்டோம், கைதட்டினோம், கனவு காணச் சொன்னார் என்று தலைப்பிட்டோம். "ஐயா, உங்களைப்போல் பௌதிகவியல் படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போக எங்கள் நாட்டில் வழியில்லையே" என்று எழுந்து நின்று கேட்டவர் ஒருவர் இருந்தாரா? நிருபர்களாகிய எங்களில் ஒருவருக்காவது அப்படி ஒரு கேள்வி தோன்றியதா? அந்த மனிதரின் வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் வேண்டிய பக்கத்தைப் புரட்டாமலே புத்தகத்தைக் கும்பிட்டு அனுப்பிவிட்டோம்.

கலாம் கொடிகாமத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? நல்ல பௌதிகவியல் ஆசிரியர் ஆகியிருப்பார். மாலையில் ரியூட்டரியில் வகுப்பு எடுத்திருப்பார். அதில் இழிவில்லை. ஆனால் அது அவருடைய தெரிவாக இருந்திருக்காது.

* * *

இந்தக் கதவு எங்களுக்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

இலங்கைத் தமிழருக்குப் பொறியியல் என்பது ஒரு பாடம் மட்டுமல்ல, ஒரு காயமும்கூட. 1971ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 227 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. பின்னர் தரப்படுத்தல் வந்தது. மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டச் சனத்தொகை அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்ற ஏற்பாடு நடக்கிறது. போரால் நலிந்த கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இந்த ஒதுக்கீடு இன்று உதவுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஒதுக்கீடு சரியா பிழையா என்று அரைநூற்றாண்டாக வாதாடிவிட்டோம். இந்த இரைச்சலில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. பத்தொன்பது வயதில் ஒருமுறை சலித்தெடுக்கும் அரிதட்டு எவ்வளவுதான் நியாயமானதாக இருக்கட்டும், அதில் விழுந்தவன் வாழ்நாள் முழுவதும் விழுந்தவனாகவே இருக்க வேண்டுமா? முதற்கதவு ஒடுக்கமானதாயிருந்தால் இரண்டாங்கதவு கட்டாயம் இருக்க வேண்டும். ஒடுக்கமான முதற்கதவை வைத்துவிட்டு இரண்டாவதைக் கட்டாமல் விட்டதுதான் அநீதி. அதைச் செய்தது கொழும்பு மட்டுமல்ல. கட்டக்கூடிய அதிகாரம் கைக்கு வந்தபின்னும் கட்டாதிருக்கும் நாங்களும்தான்.

நெடுங்காலம் பேசப்பட்டு, போர் முடிந்தபின் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்துக்கென ஒரு பொறியியற் பீடம் எழுந்தது. கொடிகாமத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பஸ் பயணம். விஞ்ஞான பீடமோ திருநெல்வேலியில் 1970களிலிருந்தே இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே வீதி, இரு முனைகளில் இரு பீடங்கள். இடையில் ஒரு பாலம் போடுவதற்குக் கல்லும் மண்ணும் வேண்டியதில்லை. ஒரு பாடத்திட்டமும் கொஞ்சம் மனமும் போதும்.

* * *

பொறியியலாளர் நண்பர்கள் சிலரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். அவர்கள் சொன்ன மறுப்புகளை மறைக்காமல் தருகிறேன். அவற்றில் சரியானவையும் உண்டு.

முதல் மறுப்பு: பௌதிகவியல் படித்தவனுக்குப் பொறியியல் தெரியாது. உண்மை. அவனுக்குச் சமன்பாடு தெரியும், வரைபடம் தெரியாது. மின்காந்தவியல் தெரியும், ஒரு கட்டடத்துக்கு மின்னிணைப்பு வடிவமைக்கத் தெரியாது. பொருள்களின் அணு அமைப்புத் தெரியும், ஒரு வளையின் பாதுகாப்புக் காரணி எவ்வளவு வைக்க வேண்டும் என்பது தெரியாது. செலவுக் கணிப்பும், தர நியமங்களும், பிழை நேர்ந்தால் உயிர் போகும் என்ற பொறுப்புணர்வும் பொறியியற் கல்வியின் பகுதிகள். தண்ணீர்த் தாங்கிக்குக் கையொப்பமிடுகிறவருக்கு அவை தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்த மறுப்பிலிருந்து வரும் முடிவு என்ன? தெரியாததைக் கற்பிக்க வேண்டும் என்பதல்லவா? தெரிந்ததையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து கற்பிக்க வேண்டும் என்பது எப்படி முடிவாகும்? பொறியியற் பீடத்தின் முதலாண்டைப் பாருங்கள். கணிதம், பொறிமுறை, மின்னியல், பொருள்களின் இயல்பு, கணினி நிரலாக்கம். இவற்றிற் பெரும்பகுதியைப் பௌதிகவியற் பட்டதாரி ஏற்கெனவே ஆழமாகக் கற்றுத் தேறியவன். அவனுக்கு வேண்டியவை வரைதல், பட்டறை, வடிவமைப்பு, துறைசார் பாடங்கள், கைத்தொழிற் பயிற்சி. இவை இரண்டரை அல்லது மூன்று ஆண்டுகளுக்குரிய வேலை. குரோம்பேட்டை அதைத்தான் செய்து காட்டியது.

இரண்டாம் மறுப்பு: வாஷிங்டன் உடன்படிக்கை. பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் இந்த ஏற்பாடு 1989இல் தொடங்கியது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் அதில் முழு உறுப்பினராயிற்று. "குறுக்குவழி திறந்தால் அங்கீகாரம் போய்விடும்" என்கிறார்கள்.

போகாது. அதே 2014இல் இந்தியாவும் முழு உறுப்பினராயிற்று. தமிழ்நாட்டில் இன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியா அந்த உடன்படிக்கையை உருவாக்கிய நாடுகளில் ஒன்று. அங்கே மெல்பேண் பல்கலைக்கழகம் 2008இலிருந்து தன் முறையையே மாற்றிவிட்டது. முதலில் மூன்றாண்டு விஞ்ஞானம் போன்றதொரு பொதுப் பட்டம், அதன்மேல் பொறியியல் முதுமாணி. பொறியியல் அடிப்படைப் பாடங்களை முன்னரே எடுத்தவருக்கு இரண்டாண்டு, எடுக்காதவருக்கு மூன்றாண்டு. அந்த முதுமாணியை ஆஸ்திரேலியப் பொறியியலாளர் அமைப்பு அங்கீகரிக்கிறது. அமெரிக்காவில் சிறு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு பௌதிகவியல், பின்னர் கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு பொறியியல், முடிவில் இரு பட்டங்கள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. பிரித்தானியாவில் இதைவிட ஒருபடி மேலே. பட்டயப் பொறியியலாளர் என்ற தகுதியைப் பௌதிகவியலாளருக்கு வழங்கும் உரிமம் அங்கே பௌதிகவியல் நிறுவனத்துக்கே உண்டு.

இந்நாடுகளில் பாலங்கள் இடிந்து விழுந்துகொண்டிருக்கவில்லை. ஆக, உடன்படிக்கை பார்ப்பது பட்டதாரி வெளியேறும்போது என்ன தெரிந்திருக்கிறான் என்பதை. எந்தக் கதவால் உள்ளே வந்தான் என்பதையல்ல. வாஷிங்டனின் பெயரைச் சொல்லிக் கதவை அடைப்பவர்கள் வாஷிங்டனைக் காரணமாகக் காட்டித் தங்கள் வேலியைக் காக்கிறார்கள்.

மூன்றாம் மறுப்பு: "இருக்கிற மாணவருக்கே விரிவுரையாளர் போதாது." இதில் உண்மை இருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கற்றவர் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஆனால் நான் கேட்பது ஆயிரம் இடங்களல்ல. ஆண்டுக்கு இருபது இடம். இரண்டாமாண்டு வகுப்பில் கடைசி இரண்டு வாங்குகளைப் போட இடமில்லாத மண்டபமா?

* * *

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பௌதிகவியலுக்கும் பொறியியலுக்கும் இடையில் உள்ளதாக நாம் நம்பும் மதில் அறிவின் மதில் அல்ல. அது நிர்வாகத்தின் மதில்.

குவாண்டம் பொறிமுறையை வகுத்தவர்களில் ஒருவரான டிராக் பிரிஸ்டலில் முதலிற் பெற்ற பட்டம் மின்பொறியியல். டிரான்சிஸ்டரை உருவாக்கி, பௌதிகவியலுக்கான நோபெல் பரிசை இரண்டுமுறை பெற்ற ஒரே மனிதரான ஜோன் பார்டீன், விஸ்கொன்சினில் மின்பொறியியல் படித்துவிட்டுப் பிறின்ஸ்ரனில் கணிதப் பௌதிகவியலுக்கு மாறியவர். 1984இல் பௌதிகவியலுக்கான நோபெல் பெற்ற சைமன் வன் டெர் மேர் ஒரு பொறியியலாளர். தொகுசுற்றுக்காக 2000இல் பெற்ற ஜாக் கில்பியும் பொறியியலாளர். ஒளியிழைக்காக 2009இல் பெற்ற சார்ல்ஸ் காவோவும் அப்படியே. பொறியியலாளன் பௌதிகவியலுக்கு வந்து நோபெல் வாங்கலாம். பௌதிகவியலாளன் பொறியியலுக்குப் போய் ஒரு பட்டம் வாங்கக் கூடாதோ?

எங்கள் மண்ணிலேயே சான்று உண்டு. வடமராட்சியில் பிறந்து, பேராதனைப் பொறியியற் பீடாதிபதியாகவும் பின் யாழ். பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்து 1994இல் மறைந்த பேராசிரியர் அழகையா துரைராசாவை நினைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் மண்பொறியியல் மாணவருக்குப் பாடம். அது எதைப் பற்றியது? ஈரக் களிமண் அமுக்கத்தின்கீழ் எப்படி இளகுகிறது, அப்போது சக்தி எவ்வாறு செலவாகிறது என்பது பற்றியது. பொறியியலின் உச்சியில் நின்று அவர் செய்ததைப் பௌதிகவியல் என்று அழைத்தால் யார் மறுப்பார்?

* * *

உள்ளே கதவு மூடியிருந்தால் இளைஞர் வெளியே போவார்கள். போகிறார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையங்கள் பெருகிவிட்டன. எங்கள் கொடிகாமத்துப் பையனும் ஒன்றுக்குப் போனான். அரைமணி நேரத்தில் அவனுக்கு ஒரு தீர்வு கிடைத்தது. பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணி, பெயரில் "பொறியியல்" என்ற சொல் இருக்கிறது, "பொறியியல் முகாமைத்துவம்". கட்டணத்துக்குக் காணி உறுதியை ஈடு வைக்கலாம், போதாவிட்டால் தாயின் தாலிக்கொடி இருக்கிறது.

கலாமின் சகோதரியின் வளையல் அடகுக்குப் போனது. இந்தத் தாயின் கொடியும் போகப் போகிறது. வேறுபாடு என்ன? அந்த வளையல் ஒரு பொறியியலாளரை உருவாக்கிற்று. இந்தக் கொடி உருவாக்கப் போவது பெயரில் பொறியியல் ஒட்டிய ஒரு முகாமைத்துவப் பட்டதாரியை. ஏற்கெனவே பொறியியல் படித்தவருக்கு அது பயன்படும் படிப்பாக இருக்கலாம். பௌதிகவியல் படித்தவனை அது மட்டும் பொறியியலாளன் ஆக்காது. இதை முகவர் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

ஆகவே, இந்தச் சந்தியில் நிற்கும் தம்பி தங்கைகளுக்குச் சில உண்மைகளை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பொறியியல் ஆய்வு வேறு. பொறியியலாளர் உரிமம் வேறு. குறைகடத்தி, சூரியக் கலம், ஒளியியல், பொருளியல்புகள், கணினி மாதிரியாக்கம் போன்றவற்றில் ஆய்வு செய்யப் பௌதிகவியற் பட்டம் குறையல்ல, பலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மின்பொறியியல், பொருளறிவியல் துறைகள் பௌதிகவியலாரைச் சேர்த்து, குறையும் சில இளநிலைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வது வழக்கம். இந்தியாவின் கேட் தேர்வில் இயற்பியலுக்கென்றே ஒரு தாள் உண்டு. இயற்பியல் முதுநிலைப் பட்டத்தோடு சேரக்கூடிய எம்.டெக். பிரிவுகளும் உண்டு. மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தைவிட நான்காண்டுச் சிறப்புப் பட்டம் வெளிநாட்டில் அதிகக் கதவுகளைத் திறக்கும். முடிந்தால் அதையே தெரிவு செய்யுங்கள்.

ஆனால் கட்டடத்துக்கும் பாலத்துக்கும் கையொப்பமிடும் உரிமம்தான் உங்கள் நோக்கமென்றால், பெரும்பாலான நாடுகள் அடிப்படைப் பட்டத்தையே முதலில் பார்க்கும். ஒன்ராறியோவில் "பொறியியலாளர்" என்ற பெயரே சட்டத்தால் காக்கப்படுவது. அங்கே 2023இல் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கினார்கள். கல்வி நிபந்தனையை நீக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட பொறியியற் பட்டம் இல்லாதவர் பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். இலங்கையிலும் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வந்துவிட்டது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்தப் படிப்பைப் பௌதிகவியற் பட்டத்தின்மேல் முடித்தால், உங்கள் நாட்டுப் பொறியியலாளர் அமைப்பு என்னை ஏற்குமா?" மறுமொழியை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுக்கும் முகவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாட்டிலேயே இருந்து படிக்க விரும்புபவருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியற் பட்டம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பல ஆண்டுகள் எடுக்கும். பொறுமை உள்ளவருக்கு அது கௌரவமான வழி.

* * *

குற்றவாளிக் கூண்டில் இன்னும் சிலரை ஏற்ற வேண்டியிருக்கிறது. முதலாவதாக எங்களை.

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் செய்தி அறைகளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தெரிவாகக்கூடியவர்களின் படங்கள் முதற்பக்கத்துக்குப் போகும். பாடசாலை அதிபர்கள் தொலைபேசியில் வரிசையில் நிற்பார்கள். பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகும் பிள்ளையின் படத்தை நான் ஒருநாளும் அச்சிட்டதில்லை. அச்சிட வேண்டும் என்று தோன்றியதுமில்லை. பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களைப் பார்த்து அனுப்பியவன் நான். பௌதிகவியல் என்பது தோற்றவருக்கான ஆறுதற்பரிசு என்ற எண்ணத்தை வீட்டுக்கு வீடு விநியோகித்ததில் என் கையும் உண்டு.

அந்த எண்ணத்தின் விளைவைப் பாருங்கள். பிள்ளை இரண்டாம் தடவை எழுதுகிறது. மூன்றாம் தடவை எழுதுகிறது. இருபத்திரண்டு வயது வரை ரியூட்டரி வாங்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஒரு நல்ல பௌதிகவியற் பட்டத்தைப் பாதி முடித்திருக்கலாம். ஆனால் பௌதிகவியலுக்குப் போனால் திரும்ப வழியில்லை என்று பெற்றோருக்குத் தெரியும். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வழி இருந்திருந்தால் மூன்று தடவை எழுத வேண்டியதில்லையே. இரண்டாங்கதவு ஒன்றைத் திறந்தால் முதற்கதவின் முன்னாலுள்ள நெரிசலும் குறையும்.

"அப்படியானால் பௌதிகவியலையே வெறும் ஏணிப்படியாக்கிவிடுவீர்களோ?" என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் வருந்தினார். அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். பௌதிகவியல் தன்னளவில் பெரிய கல்வி. அதிலேயே நிலைத்து நிற்பவர் வேண்டும். ஆனால் பூட்டிவைத்து யாரையும் நிலைக்கச் செய்ய முடியாது. வெளியே போக வழியிருந்தும் தங்குபவனே உண்மையான பௌதிகவியலாளன். மேலும், பின்னால் பொறியியலுக்கு மாற வழியுண்டு என்று தெரிந்தால், கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் பயமின்றிப் பௌதிகவியலுக்குள் வருவார்கள். வந்தவர்களில் சிலர் அதன் அழகைக் கண்டு அங்கேயே தங்கியும்விடுவார்கள்.

* * *

கேட்பவை மூன்று.

ஒன்று: யாழ். பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களும் பௌதிகவியல், கணிதப் பட்டதாரிகளுக்கென ஆண்டுக்கு இருபது இடமாவது ஒதுக்கி, இரண்டரை அல்லது மூன்று ஆண்டுப் பொறியியற் பட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும். நுழைவுப் பரீட்சை வையுங்கள். கடுமையானதாகவே வையுங்கள். தகுதியில்லாதவனைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை.

இரண்டு: பொறியியலாளர் அமைப்புகள், பௌதிகவியலிலிருந்து வருபவர் எந்தெந்தப் பாடங்களை, எத்தனை மாதப் பயிற்சியை முடித்தால் தாங்கள் ஏற்போம் என்று தெளிவாக எழுதி வெளியிட வேண்டும். "முடியாது" என்று சொல்வது எளிது. "இவற்றை முடித்துவிட்டு வா" என்று சொல்வதுதான் ஒரு தொழிலமைப்பின் கடமை.

மூன்று: ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் சிட்னியிலும் பொறியியலாளராக இருக்கும் எம்மவர்க்கு. ஊர்ப் பாடசாலைக்கு மண்டபமும் கோயிலுக்குக் கோபுரமும் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு இத்தகைய படிப்பு ஒன்றுக்கு வரட்டும். பணத்தைவிட மேலாக, உங்கள் நேரம் வரட்டும். வடிவமைப்புப் பாடம் ஒன்றை இணையவழி எடுக்க ஒரு கிழமையில் இரண்டு மணி நேரம் போதும். குரோம்பேட்டைக் கதவைத் திறந்தது அரசு அல்ல, ஒரு தனி மனிதர் என்பதை மறக்க வேண்டாம்.

1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் மறுபடி கொடிகாமத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் போயிற்று. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் தண்டவாளமும் சிலிப்பர்கட்டைகளும் பெயர்ந்து காணாமற்போயின. பாதையே இல்லாத இடத்தில் பாதையைத் திரும்பப் போட முடிந்தது. ஒரு பாடத்திட்டத்தை எழுத முடியாதா?

அந்தத் தகப்பனுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. பையன் முகவர் நிலையத்தில் இன்னும் பணம் கட்டவில்லை. காணி உறுதி அலுமாரியில்தான் இருக்கிறது. "யோசிக்கட்டும், அவசரப்பட வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் எவ்வளவு காலத்துக்கு ஓர் இருபத்தைந்து வயதுப் பிள்ளையை யோசித்துக்கொண்டிரு என்று சொல்ல முடியும்? இதை வாசிக்கும் பீடாதிபதிகளும் பொறியியலாளர்களும் கொடிகாமத்துக்கு வந்தால், நானே அவர்களைச் சந்தைக்கு அழைத்துப் போகிறேன். அவருடைய கடைக்கு முன்னால் நின்று, "உன் மகன் திரும்பப் போய் முதலிலிருந்துதான் வர வேண்டும்" என்று அவருடைய முகத்தைப் பார்த்து அவர்களே சொல்லட்டும்.